தம் அறிவைப் பற்றித் தாமே அளிக்கும் சாட்சியம்: மனநோயின் முன்னடையாளங்களைத் தேடும் வினாப்படிவங்களின் வரலாறு

ஃபிக்ஹு நூல்களில் ‘இக்ரார்’ என்றொரு பாடம் உண்டு. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே அளிக்கும் ஒப்புதலுக்குரிய சட்டங்களை விரித்துரைப்பது அது. ஒப்புதல் அளிப்பவர் பருவமடைந்தவராகவும் அறிவுத் தெளிவுடையவராகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. அறிவு கலங்கியவரின் ஒப்புதலை நீதிபதி ஏற்பதில்லை. கடன், சொத்து, குற்றம் முதலியவற்றில் இவ்விதி தெளிவானது. ஆனால், ஒருவரது அறிவுத் தெளிவே ஐயத்துக்குரியதாக நிற்கும்போது, அவரிடமே சென்று ‘உம் அறிவு எவ்வாறு உள்ளது?’ என்று கேட்க இயலுமா? கேட்டால், அவ்விடைக்கு என்ன மதிப்பு?

விந்தையாகத் தோன்றும் இக்கேள்வியைத்தான் கடந்த ஒரு நூற்றாண்டாக மனநல மருத்துவம் வெவ்வேறு வடிவங்களில் கேட்டு வருகிறது. பிறர் கேளாத குரல்களைக் கேட்பது, பிறர் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என ஆதாரமின்றி உறுதிகொள்வது, எண்ணங்களின் கோவை குலைவது ஆகியன ‘சைக்கோசிஸ்’ எனப்படும் தீவிர மனநோயின் அடையாளங்கள். மனச்சிதைவு நோய் இவ்வகையில் முதன்மையானது. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் இது தலைகாட்டுகிறது. நோய் முழு வடிவில் வெளிப்படும் முன்னரே அதன் மெல்லிய அடையாளங்களைக் கண்டறியும் பொருட்டு, ஒருவர் தாமே படித்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எனக் குறியிடும் வினாப்படிவங்கள் உருவாக்கப்பட்டுள்ளன. இவை எவ்வாறு பிறந்தன, எவ்வாறு உரசிப் பார்க்கப்பட்டன, எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

கேள்வியே மருத்துவத்தின் வாயில்

நோயாளியைக் கேட்டறிவது மருத்துவக் கலையின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. எனினும் அதனைத் தனி நூற்பொருளாக எடுத்துக்கொண்டவர், கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த எஃபேசஸ் நகர மருத்துவர் ருஃபஸ் ஆவார். மருத்துவர் கேட்க வேண்டிய வினாக்களைப் பற்றியே அவர் ஒரு சிறு நூல் எழுதினார். நோயாளியைக் கேட்க வேண்டியதில்லை, குறிகளைக் கண்டே நோயை அறியலாம் என்று கூறிய கலிமாக்கஸ் என்ற மருத்துவரின் கருத்தை அதில் அவர் மறுக்கிறார். நோயாளி கூறும் விடையின் பொருளை மட்டுமன்றி, அவர் விடையளிக்கும் முறையையும் கவனிக்க வேண்டும் என்பது ருஃபஸின் அறிவுரை. பேச்சில் கோவை உள்ளதா, நினைவு தடுமாறுகிறதா, குரல் எவ்வாறு உள்ளது என்பனவெல்லாம் உள்ளத்தின் நிலையைக் காட்டிவிடும். நோயாளியால் விடையளிக்க இயலாதபோது உடனிருப்போரைக் கேட்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்துகிறார்.

இதே ருஃபஸ் ‘மாலின்கூலியா’ என அரபு மருத்துவர்கள் வழங்கிய நோயைப் பற்றியும் நூல் இயற்றினார். அதன் கிரேக்க மூலம் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நாம் இன்று அறிவனவற்றுள் பெரும்பகுதி, அபூபக்கர் அர்ராஸீயின் ‘அல்ஹாவீ’ முதலான அரபு நூல்களில் எடுத்தாளப்பட்ட பகுதிகளின் வாயிலாகவே நமக்கு வந்து சேர்ந்துள்ளது. கைரவான் நகரில் அக்லபிய மன்னரின் மருத்துவராக இருந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான், கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இந்நோய் குறித்துத் தனி நூல் எழுதியபோது ருஃபஸையே தம் முன்னோடியாகக் கொண்டார். அந்நூல் 11ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் என்பாரால் இலத்தீனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஐரோப்பிய மருத்துவக் கல்வியில் இடம்பெற்றது.

அரபு மருத்துவர்கள் கூறிய மாலின்கூலியாவும் இன்றைய சைக்கோசிஸும் ஒன்றென நாம் கூறவில்லை. முன்னது அச்சம், காரணமற்ற துயரம், மருட்சி ஆகிய பலவற்றையும் உள்ளடக்கிய விரிந்த பெயர். ஆயினும் ருஃபஸின் கூற்றாக வழங்கப்பட்ட ஒரு கருத்து நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. இந்நோய்க்குத் தொடக்கத்திலேயே மருத்துவம் செய்தல் வேண்டும். தாமதித்தால் இரு வகையில் கடினமாகும். நோய் வேரூன்றிவிடும் என்பது ஒன்று, நோயாளி மருத்துவத்தை ஏற்க மறுப்பார் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தில் நுட்பமான உண்மை அடங்கியுள்ளது. நோய் முற்றிய பின் நோயாளிக்குத் தம் நிலை தெரிவதில்லை. தொடக்கத்திலோ அவர் தம்மைத் தாமே ஐயுறுகிறார். ‘எனக்கு மட்டும் ஏன் இப்படித் தோன்றுகிறது?’ என்று அவரே தம்மைக் கேட்டுக்கொள்ளும் காலம் அது. தம் அறிவைப் பற்றித் தாமே சாட்சியம் அளிக்க இயலும் காலமும் அதுவே. இன்றைய வினாப்படிவங்கள் எல்லாம் இந்தக் குறுகிய கால இடைவெளியை நம்பியே எழுந்தவை.

போர்க்களத்தில் பிறந்த படிவம்

அச்சிட்ட வினாக்களை ஒருவரிடம் கொடுத்து, அவர் இடும் குறிகளை எண்ணி, அவரது மனநிலையை அளக்கும் வழக்கம் மருத்துவமனையில் தோன்றவில்லை, படைமுகாமில் தோன்றியது. முதலாம் உலகப் போரில் குண்டுவீச்சின் அதிர்ச்சியால் மனம் கலங்கிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் களத்திலிருந்து திரும்பினர். 1917இல் போரில் இறங்கிய அமெரிக்கா, இத்தகையோரை முன்கூட்டியே பிரித்தறிய விரும்பியது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வுட்வர்த் இதற்கென 116 வினாக்கள் கொண்ட படிவம் ஒன்றை அமைத்தார். ஒவ்வொருவரையும் மருத்துவர் அமர்ந்து விசாரிக்கக் காலமில்லை. ஆகவே காகிதம் விசாரிக்கட்டும் என்பதே அதன் தத்துவம். படிவம் பயனுக்கு வருமுன் 1918இல் போர் முடிந்துவிட்டது. ஆனால் அது வகுத்த பாதை நிலைத்தது.

இரண்டாம் உலகப் போரில் இம்முறை பேரளவில் கையாளப்பட்டது. படையில் சேர வந்த அமெரிக்க இளைஞர்களுள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனநலக் காரணம் கூறித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆயினும் சேர்க்கப்பட்டோரிடையே மனநலப் பாதிப்பு முந்தைய போரைக் காட்டிலும் குறையவில்லை. பலரைத் தவறாக விலக்கியும், விலக்க எண்ணியோரைத் தவறவிட்டும் சல்லடை இரு வழியிலும் பிழைத்தது.

இதே காலத்தில், 1943இல், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஹாத்தவேயும் மக்கின்லியும் வெளியிட்ட பெரும் வினாத்தொகுப்பில் மனச்சிதைவு நோய்க்கென்றே ஓர் அளவுகோல் இடம்பெற்றது. விடையளிப்பவர் தம்மை நல்லவராகக் காட்ட முயல்கிறாரா என்பதை அறியவும் அதில் தனி அளவுகோல் அமைக்கப்பட்டது. சாட்சியைச் சோதிக்காமல் சாட்சியத்தை ஏற்கலாகாது என்பதை உளவியலார் இவ்வாறு உணர்ந்தனர். அதே தொகுப்பில் மார்க்க நம்பிக்கை குறித்த வினாக்களும் இருந்தன. 1965இல் உளவியல் சோதனைகளைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தபோது இவ்வினாக்கள் கடும் ஆட்சேபத்துக்கு உள்ளாயின. 1989இல் வந்த திருத்தப் பதிப்பில் ஆட்சேபத்துக்குரியவை நீக்கப்பட்டன. ஒருவரது நம்பிக்கையையும் அவரது நோயையும் ஒரே தாளில் கேட்பதிலுள்ள இடர் அன்றே வெளிப்பட்டுவிட்டது.

முன்னடையாளத்தைத் தேடியவர்கள்

நோய் முற்றியவர்களையே மருத்துவர்கள் மிகுதியாகக் காண்கின்றனர்; அதற்கு முந்தைய நிலையில் உள்ளோரைக் காண்பது அரிதாக உள்ளது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் 1927இலேயே வருந்தி எழுதினார். ஜெர்மானியரான கிளவுஸ் கோன்ராட், நோய் தொடங்கும் நிலையைப் பற்றி 1958இல் தனி நூல் வெளியிட்டார். மேடையேறும் முன் நடிகருக்கு உண்டாகும் படபடப்பைக் குறிக்கும் சொல்லையே அந்நிலைக்கு அவர் பெயராக்கினார். ஏதோ ஒன்று நிகழப்போகிறது என்ற உணர்வு இருக்கும்; என்னவென்று மட்டும் தெரியாது.

இத்தகையோரை வினாப்படிவத்தால் கண்டறிய இயலுமா என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதியர். உடலும் உலகும் திரிந்து தோன்றுவதைப் பற்றியும், காரண காரியத் தொடர்பற்ற நம்பிக்கைகளைப் பற்றியும் 1978இலும் 1983இலும் அவர்களது குழுவினர் அளவுகோல்களை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களிடையே இவற்றில் மிகுந்த மதிப்பெண் பெற்றோரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1994இல் முடிவை அறிவித்தனர். மிகுந்த மதிப்பெண் பெற்றவர்களுள் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கே தீவிர மனநோய் ஏற்பட்டிருந்தது. மற்ற மாணவர்களிடையே நூற்றுக்கு ஒருவர் அளவில் அது காணப்பட்டது. வேறுபாடு உண்மையானதே. ஆயினும் படிவம் சுட்டிக்காட்டியவர்களுள் மிகப் பெரும்பாலோர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் நோயின்றியே இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

பொதுமக்களிடையேயும் இதே நிலை காணப்பட்டது. அமெரிக்காவில் நாடு தழுவிய அளவாய்வு ஒன்றின் முடிவுகளைக் கென்ட்லரும் குழுவினரும் 1996இல் வெளியிட்டனர். தீவிர மனநோய் குறித்த வினாக்களில் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றவர்கள் நூற்றுக்கு 28.4 பேர். மருத்துவர்கள் விவரங்களை ஆராய்ந்து, நோயை விரிந்த பொருளில் கொண்டு கணக்கிட்டபோதும் அது நூற்றுக்கு 0.7 ஆகச் சுருங்கியது. வினாவில் சிக்கியோருள் மிகச் சிலரே நோயுற்றோர் என்பது இதனால் தெளிவு.

‘ஆம்’ என்ற விடைக்குள் என்னென்ன அடங்கியுள்ளன என்பதற்கு வேல்ஸ் நாட்டு மருத்துவர் டூவி ரீஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம். துணையை இழந்த 293 ஆண்களையும் பெண்களையும் அவர் நேரில் கண்டு உரையாடினார். ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தவரின் உருவையோ குரலையோ அருகிருப்பையோ உணர்ந்திருந்தனர். அவர்கள் நோயாளிகள் அல்லர், அன்புக்குரியவரை இழந்தவர்கள். அச்சிட்ட படிவத்தில் இவர்களது குறியும் நோயாளியின் குறியும் ஒன்றுபோலவே இருக்கும்.

மெல்பர்னும் லாஸ் ஏஞ்சலிஸும்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பேட்ரிக் மக்கோரி, அலிசன் யங் முதலியோர் 1994இல் தொடங்கிய மருத்துவ நிலையம் இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம். நோய் வரும் அபாயம் மிகுந்த இளைஞர்களை அடையாளம் காண அவர்கள் மூன்று அளவுகளை வகுத்தனர். நோயின் அடையாளங்கள் மெலிந்த வடிவில் தோன்றுவது ஒன்று. அவை முழு வடிவில் தோன்றி, ஒரு வாரத்துக்குள் தாமே மறைவது மற்றொன்று. நெருங்கிய உறவினருக்கு இந்நோய் இருந்து, இளைஞரின் அன்றாடச் செயல்திறனும் அண்மையில் சரிந்திருப்பது மூன்றாவது. இவற்றை அறியப் பயிற்சி பெற்றவர் நெடுநேரம் அமர்ந்து உரையாட வேண்டும். இந்த நேர்காணலுக்கு யாரை அனுப்புவது என்று முடிவுசெய்ய விரைவான வழி ஒன்று தேவைப்பட்டது. இன்றைய வினாப்படிவங்களின் பிறப்புக் காரணம் இதுவே.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் லோவியும் உடனாய்வாளர்களும் 92 வினாக்கள் கொண்ட படிவத்தை உருவாக்கி, 2005இல் அதன் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். சிறப்பு மருத்துவ நிலையத்துக்கு வந்த 113 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. குறிப்பிட்ட வகை வினாக்களில் எட்டு அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ என்றவர்களை எடுத்துக்கொண்டபோது, நேர்காணலில் அபாயமோ நோயோ உறுதிசெய்யப்பட்டோருள் நூற்றுக்கு 90 பேரைப் படிவம் பிடித்துக் கொடுத்தது. ஆனால் அவ்வாறு உறுதிசெய்யப்படாதோருள் நூற்றுக்கு 49 பேரையே சரியாக விலக்கியது. தவறவிடாத திறன் மிகுதி. தவறாகப் பிடிக்காத திறன் குறைவு.

அடுத்து நிகழ்ந்தது இவ்வரலாற்றின் மிக முக்கியமான பாடம் என்று நாம் கருதுகிறோம். இதே படிவத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து, 2007இல் லோவியின் குழுவினர் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 43 பேர் அந்த எட்டு என்ற எல்லையைத் தாண்டியிருந்தனர். மருத்துவ நிலையத்தின் அளவுகோலை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுசென்றால், ஏறத்தாழப் பாதி மாணவர்கள் மனநோயின் விளிம்பில் நிற்பதாகத் தோன்றும்! ஆனால் அனுபவம் உண்டா என்பதோடு நில்லாமல், அது உம்மைத் துன்புறுத்துகிறதா என்றும் கேட்டு, துன்புறுத்தும் அனுபவங்களை மட்டும் எண்ணியபோது அவ்வெல்லையைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 2 பேரே. ஒரு துணைக்கேள்வி 43ஐ 2 ஆக்கியது. 2011இல் வந்த 21 வினாக்கள் கொண்ட சுருக்கப் படிவத்தில் துன்ப அளவும் சேர்த்தே கணக்கிடப்பட்டது. அதில் நோயற்றோரை விலக்கும் திறன் நூற்றுக்கு 68 ஆக உயர்ந்தது; பிடிக்கும் திறனும் 88 என்ற அளவில் நின்றது.

ஹேக் நகரின் 16 வினாக்கள்

நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஹெல்கா இசிங், மார்க் வான் டெர் காக் முதலியோர் இதனை மேலும் சுருக்கி 16 வினாக்கள் ஆக்கினர். அவற்றுள் 9 வினாக்கள் புலனுணர்வின் திரிபு பற்றியவை. 5 வினாக்கள் இயல்புக்கு மாறான எண்ணங்கள் பற்றியவை. 2 வினாக்கள் ஆர்வமும் தொடர்பும் குன்றுதல் பற்றியவை. மனநல உதவி நாடி வந்த 3533 பேரிடம் இது சோதிக்கப்பட்டு, 2012இல் முடிவு வெளியாயிற்று. ஆறு அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ என்பதை எல்லையாகக் கொண்டபோது, பிடிக்கும் திறனும் விலக்கும் திறனும் ஒன்றுபோல நூற்றுக்கு 87 என்ற அளவில் அமைந்தன. சில நிமிடங்களில் நிரப்பக்கூடிய ஒரு தாளுக்கு இது வியக்கத்தக்க தேர்ச்சி.

இந்த 87 என்ற எண்ணைக் கண்டதும், படிவம் சுட்டுவோருள் நூற்றுக்கு 87 பேர் அபாயத்தில் உள்ளனர் என்று பொருள்கொள்வது பரவலான பிழை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 10,000 இளைஞர் உள்ளனர். அவர்களுள் உண்மையில் அபாயத்தில் இருப்போர் நூற்றுக்கு ஒருவர், அதாவது 100 பேர் எனக் கொள்வோம். படிவம் அவர்களுள் 87 பேரைச் சரியாகச் சுட்டும். 13 பேரைத் தவறவிடும். எஞ்சிய 9900 பேரில் நூற்றுக்கு 13 பேரைத் தவறாகச் சுட்டும்; அதாவது 1287 பேரை. ஆக, சுட்டப்பட்ட 1374 பேரில் 87 பேரே உண்மையில் அபாயத்தில் உள்ளவர்கள். நூற்றுக்கு ஆறு பேர் மட்டுமே!

இனி அதே படிவத்தை ஒரு மனநல மருத்துவ நிலையத்தில் வைப்போம். அங்கு வரும் 1000 பேரில் 300 பேர் அபாயத்தில் உள்ளனர் எனக் கொண்டால், 261 பேர் சரியாகவும் 91 பேர் தவறாகவும் சுட்டப்படுவர். இப்போது சுட்டப்பட்டோருள் நூற்றுக்கு 74 பேர் உண்மையானவர்கள். தாள் அதே தாள், வினாக்கள் அவையே, திறனும் அதுவே. வைத்த இடம் மாறியதும் அதன் சொல்லின் மதிப்பும் மாறிவிட்டது. உதவி நாடி வந்தவரிடம் நீட்ட வேண்டிய தாளைப் பள்ளிதோறும் ஊர்தோறும் பரப்புவது ஏன் தவறு என்பதற்கு இக்கணக்கே போதிய விடை.

சல்லடைக்கு மேல் சல்லடை

இன்னொரு நுட்பத்தையும் ஈண்டுக் கவனித்தல் வேண்டும். இப்படிவங்கள் ‘தேறின’ என்று கூறும்போது, அவை எதனோடு ஒப்பிடப்பட்டன? வருங்காலத்தோடு அன்று, நேர்காணலோடு. நேர்காணலில் அபாயத்தில் உள்ளவர் எனக் கணிக்கப்பட்டவரைப் படிவமும் அவ்வாறே சுட்டினால் அது வெற்றி எனக் கொள்ளப்பட்டது. அந்த நேர்காணலின் கணிப்போ காலப்போக்கில் தளர்ந்து வந்துள்ளது. மெல்பர்ன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அபாயத்தில் உள்ளோர் எனக் கணிக்கப்பட்ட 49 பேரில் 20 பேருக்கு ஓராண்டுக்குள் நோய் தோன்றியது. ஃபுசார் போலியும் குழுவினரும் 27 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட மதிப்பீட்டில் அது ஓராண்டில் நூற்றுக்கு 22 ஆகவும், மூன்றாண்டுகளில் 36 ஆகவும் இருந்தது. அபாயத்தில் உள்ளவர் எனப் பெயர்பெற்ற பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, இந்த மெலிந்த நிலையை முழு நோயாகச் சேர்க்காமல், மேலும் ஆராய வேண்டியவற்றின் வரிசையில் வைத்ததற்கு இத்தகைய கவலைகளும் காரணம். நோய் வராத ஓர் இளைஞரின் மீது மனநோயின் பெயரைச் சூட்டினால், அவரது கல்வி, வேலை, திருமணம் ஆகிய அனைத்தின் மீதும் அதன் நிழல் விழும்.

கேட்பவர் யார்? எம்மொழியில்?

நெதர்லாந்தில் குடியேறிய மொராக்கோ முஸ்லிம்களிடையே மனச்சிதைவு நோய் மிகுதி என்று ஹேக் நகர ஆய்வுகள் 2000களில் தெரிவித்தன. புறக்கணிப்பும் வேற்றுமை பாராட்டலும் இதற்குக் காரணமாகலாம் எனப் பலர் கருதினர். அதே வேளையில், கணிக்கும் முறையிலேயே கோளாறு உண்டோ என்ற ஐயமும் எழுந்தது. ஸாண்டி என்ற ஆய்வாளரும் குழுவினரும் நோயாளிகளை இருவகை நேர்காணல்களால் ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான நேர்காணலின்படி, நெதர்லாந்துக்காரரை நோக்க மொராக்கோ மக்களிடையே மனச்சிதைவு நோய் 7.8 மடங்கு. அம்மக்களின் பண்பாட்டையும் பேச்சு வழக்கையும் அறிந்து திருத்தி அமைத்த நேர்காணலின்படி அது 1.5 மடங்கு மட்டுமே.

இது சிறிய ஆய்வுதான். அம்மக்களிடையே நோயே இல்லை என்று இதனால் முடிவுகட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் இது நமக்கு உணர்த்துவது பெரிது. ஜின்கள் உண்டு என்பது முஸ்லிம்களின் பொது நம்பிக்கை. துயருற்ற ஒருவர் தம் துயரத்தை ஜின்னின் தீண்டல் என்று சொல்லும்போது, அது அவர் சமூகம் அவருக்குக் கற்றுத்தந்த மொழி. அம்மொழியை அறியாதவர் அதனை மருட்சி எனக் குறித்துக்கொள்வார். இதன் மறுபக்கமும் உண்டு. உண்மையாகவே நோயுற்ற ஒருவரின் நிலையை, ‘ஜின்தான், வேறொன்றுமில்லை’ என்று கூறிக் குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துவதும் நடக்கிறது. முன்னது நலமுள்ளவரை நோயாளி ஆக்குகிறது; பின்னது நோயாளியைக் கைவிடுகிறது. முகம் பார்த்துப் பேசும் நேர்காணலிலேயே இத்தகைய பிழை நேருமாயின், எதிர்க்கேள்வி கேட்க இயலாத காகிதத்தில் அது எவ்வளவு நேரும்!

மொழிபெயர்ப்பில் பழகிய நமக்கு இதன் கடுமை தெரியும். ‘உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறதா?’ என்று தமிழில் வினவினால், மனச்சான்றைக் கருதி நல்லவர் பலர் ‘ஆம்’ என்பர். ‘யாரேனும் உமக்குத் தீங்கு செய்வதாக எண்ணுகிறீரா?’ என்றால், கண்ணேறும் செய்வினையும் நினைவுக்கு வரும். ‘மனசு சரியில்லை’ என்ற ஒரு தொடருக்குள் நம் மக்கள் துக்கம், கோபம், களைப்பு, நோய் அனைத்தையும் அடக்கிவிடுகின்றனர். ஆகவே ஒரு படிவம் ஆங்கிலத்திலும் டச்சு மொழியிலும் தேறியது என்பது தமிழில் அதன் தேர்ச்சிக்குச் சான்று ஆகாது. தமிழில் ஆக்கி, தமிழரிடம், தமிழறிந்த மருத்துவரின் நேர்காணலோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதன் எல்லை எண்ணை நிர்ணயித்தல் முறை.

எனின் இப்படிவங்கள் வேண்டாதனவா?

இவ்வளவு குறை கூறியபின் இவற்றைத் தள்ளிவிடலாமே என்று வாசகர் எண்ணக்கூடும். அது சரியன்று. தீவிர மனநோய் தோன்றியதற்கும் முறையான மருத்துவம் தொடங்குவதற்கும் இடையே கழியும் காலம் பல நாடுகளில் சராசரியாக ஓராண்டுக்கும் மேல் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த இடைவெளி நீள நீள, மீட்சி கடினமாகிறது. நார்வேயின் ரோகலான்ட் பகுதியில் 1997 முதல் மக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நோயின் தொடக்க அடையாளங்களை விளக்கி, எளிதில் அணுகக்கூடிய மருத்துவக் குழுக்களை அமைத்தபோது, நடுவளவுக் காத்திருப்பு 5 வாரங்களாக இருந்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத பகுதிகளில் அது 16 வாரங்கள்.

வினாப்படிவத்தைச் சரியான இடத்தில் வைத்தால் விளையும் பயனுக்கு ஹேக் நகர ஆய்வாளர்களே சான்று தந்துள்ளனர். உதவி நாடி வந்தோரிடையே படிவத்தால் சலித்து, நேர்காணலால் உறுதிசெய்து, அபாயத்தில் உள்ளோர் 201 பேரை இரு குழுக்களாகப் பிரித்தனர். இரு குழுவினருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு குழுவினருக்கு மட்டும் கூடுதலாகச் சிந்தனைப் போக்கைச் சீர்செய்யும் உரையாடல் சிகிச்சை அளிக்கப்பட்டது. 18 மாதங்களில் அக்குழுவில் 10 பேருக்கும், மற்றக் குழுவில் 22 பேருக்கும் நோய் தோன்றியது. 2012இல் வெளியான இம்முடிவின் பொருள் தெளிவு. தாள் யாரையும் குணப்படுத்தவில்லை. தாளுக்குப் பின் ஒரு மனிதரும், அவருக்குப் பின் ஒரு சிகிச்சையும் இருந்தமையால் அந்தத் தாள் பயன்பட்டது.

காலம் தாழ்வதன் கொடுமையைத் தமிழகம் மறக்க இயலாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில் 28 மனநோயாளிகள் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்பி ஓட இயலவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்துள்ளது. அந்த 28 பேரும் ஒரு காலத்தில், தமக்குள் நிகழும் மாற்றத்தைத் தாமே ஐயத்தோடு கவனித்த இளைஞர்களாக இருந்திருப்பர். அன்று அவர்களை யாரேனும் அமர்த்திக் கேட்டார்களா என்பதே நம் மனத்தை உறுத்தும் வினா.

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வையும் சிகிச்சையையும் நம் மண்ணில் வளர்த்துள்ளன. ஆனால் குடும்பத்தார் முதலில் நாடுவது பெரும்பாலும் ஊர்ப் பெரியவரை, ஆசிரியரை, ஆலிமை. ஆகவே வினாப்படிவங்களின் இந்நூற்றாண்டு வரலாறு அவர்களுக்கும் உரிய பாடம். பிறர் கேளாதது கேட்கிறதா என்று மட்டும் கேட்டு முடிவுகட்டுதல் தகாது. அது உன்னைத் துன்புறுத்துகிறதா, உறக்கத்தையும் படிப்பையும் கெடுக்கிறதா, முன்பு இருந்ததற்கு இப்போது மாறியிருக்கிறாயா என்று பரிவோடு கேட்டல் வேண்டும். ‘ஆம்’ என்று விடை வந்தால், பெயர் எதனையும் சூட்டாமல், காலம் தாழ்த்தாமல், மனநல மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஓதிப் பார்ப்பதை அவ்வழைப்பு தடுக்காது. ஓதிப் பார்ப்பதும் அவ்வழைப்பைத் தாமதப்படுத்தலாகாது.

இக்ராரை ஏற்குமுன் அதை அளிப்பவரின் நிலையை அறிய வேண்டியது நீதிபதியின் கடமை. ஒரு தாளில் இடப்பட்ட பதினாறு குறிகளும் அவ்வாறே. அவற்றை எண்ணிக் கூட்டுவது எளிது. குறியிட்ட கைக்கு உரியவரை அமர்த்தி, அவர் சொல்வதை இறுதிவரை கேட்டபின் கூறுவதே தீர்ப்பு.